பிலோமினாவின் புத்தகமும் என் பொய்யும்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை கொட்டாஞ்சேனையிலிருந்து பிலோமினாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா. நித்திரையிலதான். கஷ்டப்படேல்லை” என்றாள். அப்படியே கதிரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகையோடு, சொன்னால் பிழையாக நினைப்பீர்கள், ஒரு நிம்மதியும் வந்தது. நல்லவேளை, சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி. முப்பது வருடங்களுக்கு மேலாகப் பிலோவிடம் நான் ஒரு பொய்யைக் காப்பாற்றி வந்தேன். மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

பிலோவும் நானும் கொழும்புக் கோட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் தட்டெழுத்தாளர்களாக ஒரே கிழமையில் சேர்ந்தவர்கள். அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவார், நான் வெள்ளவத்தையிலிருந்து. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் சேலையும் சம்பந்தமும் கதைக்க, நாங்கள் புத்தகம் கதைப்போம். பிலோவுக்கு எழுத்தாளர்கள் சொந்தக்காரர் மாதிரி. சிலரோடு கோபம், சிலருக்குச் செல்லம். நான்கு பக்கத்துக்கு நிலவை வருணித்த ஒரு நாவலாசிரியரைப் பற்றி, “கதாநாயகி காலமையிலயிருந்து சாப்பிடேல்லை. இந்தாள் நிலாவைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்” என்று பொரிந்து தள்ளியது இன்னும் காதில் கேட்கிறது.

அவரிடம் புத்தகம் இரவல் வாங்குவது லேசு. திருப்பிக் கொடுப்பதுதான் பரீட்சை. “நல்லாயிருந்தது எண்டு சொல்லித் தரப்படாது. எந்த இடம் நல்லாயிருந்தது, அதைச் சொல்லும்” என்பார். ஒரு நாவலை வாசித்து அழுதுவிட்டேன் என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். “அழ வைக்கிறது பெரிய காரியமே சரோ? அதை வெங்காயமும் செய்யும்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த நாவலை மறுபடி வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

பிலோவின் அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். துறைமுகத் தொழிலாளரைப் பற்றி நாவல் எழுத வந்த ஓர் எழுத்தாளர் அவர்கள் வீட்டில் பல நாள் சாப்பிட்டு, அப்பாவிடம் கதை கேட்டுப் போனாராம். புத்தகம் வெளிவந்ததும், முதற்பக்கத்தில் அப்பாவின் பெயரை எழுதி ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவின் கதையும் ஏச்சும் பகிடியும் அதில் அப்படியே இருந்தன. கொஞ்சப் பிரதிகள்தான் அச்சடித்தார்கள், பிறகு அது எங்கும் கிடைக்கவில்லை. அப்பா இறந்தபின் பிலோவுக்கு அந்தப் புத்தகம்தான் அப்பா. அதைத்தான் நான் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்.

வாசித்து முடித்தேன். பரீட்சைக்கு ஆயத்தமாகவும் இருந்தேன். மறுநாள் காலையில் கையோடு கொடுப்பதற்காகப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அன்றைக்குப் பார்த்துப் பிலோ லீவு. திரும்பும்போது நல்ல மழை. ஒரு கையில் குடை, மறு கையில் மரக்கறி, தோளில் கைப்பை. வெள்ளவத்தையில் இறங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் புத்தகப் பை பஸ் ஆசனத்திலேயே இருந்துவிட்டது என்று தெரிந்தது. பஸ் டிப்போவுக்கு மூன்று தடவை போய், தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். ஒருவரும் காணவில்லை. திங்கட்கிழமை சொல்லலாம், அடுத்த கிழமை சொல்லலாம் என்று நாட்களைக் கடத்தினேன்.

அதற்குள் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. நாங்கள் இருந்த வாடகை வீடு எரிந்தது. உடுத்த உடுப்போடு அகதி முகாமாக மாறிய ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். ஊரடங்குச் சட்டம் தளர்ந்ததும் பிலோ எப்படியோ தேடி வந்துவிட்டார். எனக்கு இரண்டு சேலை, என் பிள்ளைகளுக்குப் பிஸ்கட். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் வாய்தான் முந்திக்கொண்டது. “பிலோ, உம்மட அப்பாவின்ர புத்தகமும் வீட்டோட எரிஞ்சு போச்சு.” அவர் என்னைக் கட்டிக்கொண்டார். “புத்தகம் போகட்டும். நீர் இருக்கிறீர்தானே” என்று அழுதார். அந்த அணைப்புக்கு நான் தகுதியில்லாதவள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதன்பிறகு பிலோ தன் வீட்டில் பழைய பேப்பர்கூட எரிக்க விடமாட்டார். எங்காவது கடதாசி எரிகிற மணம் வந்தால் முகம் மாறிவிடும். நூல் வெளியீட்டுக் கூட்டங்களில் எழும்பி, எரிந்துபோன அப்பாவின் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார். சபை உச்சுக்கொட்டும். நான் பக்கத்தில் இருந்து தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். வராது. சொன்னால் இந்தச் சிநேகிதம் அன்றோடு சரி என்ற பயம்.

மூன்று மாதங்களுக்கு முன், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டதும், இனித் தாமதித்தால் சரிவராது என்று ஓட்டோ பிடித்துப் போனேன். கட்டிலருகில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிலோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“எரியேல்லையா?”

“இல்லை பிலோ. பஸ்ஸில விட்டிட்டன்.”

“உண்மையா எரியேல்லையா? மழையெண்டீர், நனைஞ்சிருக்காதோ?”

“பொலித்தீன் பையில சுத்தி வைச்சனான்.”

“அப்ப ஆரோ எடுத்துக்கொண்டு போயிருப்பினம்” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. “அப்பாவை ஆரோ வாசிச்சிருப்பினம், சரோ.” பிறகு என் கையில் நறுக்கென்று கிள்ளினார். “இவ்வளவு காலமும் என்னை அழ விட்டீரே, மூதேவி. உமக்கு மன்னிப்பில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாரும்.” நான் குசினியில் நின்று விம்மி விம்மி அழுதேன். அவ்வளவு சுகமாக நான் என்றைக்கும் அழுததில்லை.

செத்த வீட்டில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். “பிலோ கடைசிக் காலத்தில நல்ல சந்தோசமா இருந்தவ. அவவின்ர தேப்பன்ர புத்தகம் எரியேல்லையாம். ஆரோ ஒரு விசரி, மூளை கழண்டவள், பஸ்ஸில விட்டிட்டாளாம். வாறவை போறவையெல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ. அந்த விசரி ஆரெண்டு கேட்டா மட்டும் சொல்ல மாட்டா” என்றார்.

பிலோவை அறிந்த நண்பர்களே, உங்களில் பலரும் அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். அவர் மறைத்த பெயரை நான் அன்று செத்த வீட்டிலேயே எல்லோர் நடுவிலும் சொன்னேன். இங்கும் சொல்கிறேன்: அந்த விசரி நான்தான். பிலோ எனக்கென்று வைத்துவிட்டுப் போன பட்டம் அது. அதை வேறு யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டேன்.