கேப்டன் போட்ட கொட்டகைப் பிளான்

ஏரிக்கரைப் படகுச் சங்கத்தில் அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை; அவரே எடுத்துக்கொண்டார். கடலை அவர் கரையில் நின்று பார்த்ததோடு சரி. அதற்கே தலை சுற்றியது. ஆனால் ஏரியில் மிதக்கிற மரப்படகுகளில் பாதி அவர் பட்டறையில் பிறந்தவை, மீதி அவர் பட்டறையில் உயிர் பிழைத்தவை. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாட்டோடு தகராறாகிப் பள்ளிக்கூடத்தை விட்டு, படகுப் பட்டறையில் தார்ச்சட்டி தூக்கப் போனவர். இன்று சொந்தப் பட்டறை, சொந்த வீடு, பட்டம் வாங்கிய மருமகள். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. ஆள் கிடைக்காத நாளில் சவரம் செய்யும்போது கண்ணாடியிடம் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக் குடும்பங்கள் ஏரி நடுவில் படகுகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுச் சேர்ந்து சாப்பிடும். படகுக்குப் படகு பாத்திரம் கைமாறும், கூடவே வம்பும் கைமாறும். கேப்டனின் மனைவிக்கு முழங்கால் மடங்காமல் போனதிலிருந்து படகில் ஏற முடியவில்லை. கொஞ்ச நாள் கரையில் காருக்குள் உட்கார்ந்து, தண்ணீர் மேல் வருகிற சிரிப்பைக் கேட்டபடி தனியாகச் சாப்பிட்டாள். போன சீசனில் அதுவும் வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு கேப்டனின் பெருமைகளை மறுத்துப் பேச ஏரியில் ஆளில்லை. மறுக்க ஆளில்லாத பெருமை அவருக்கே உப்புச்சப்பில்லாமல் இருந்தது.

அதனால்தான் கரையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஒரு கொட்டகை வேண்டும் என்று சங்கத்தில் கிளப்பினார். மனைவிக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. சங்கத்தின் கௌரவம் என்று சொல்லிவைத்தார். செயலாளராக இருந்த மருந்துக்கடைக்காரர் அதைப் 'பெவிலியன்' என்று எழுதினார். கேப்டன் வாயில் அது 'பவுலியன்' என்று விழுந்தது. மறுபடி முயன்று, அதைவிட மோசமாக வந்ததும், கொட்டகை என்பதுதான் மரியாதையான பேச்சு என்று அறிவித்துவிட்டார். கட்டடம் தெரிந்தவர் யாரையாவது கேட்கலாமே என்று ஒரு குரல் எழுந்தது. வளைந்த பலகையிலேயே வீடு கட்டி மிதக்கவிட்டவனுக்கு நாலு காலும் ஒரு கூரையும் ஒரு விஷயமா என்று அந்தக் குரலை உட்கார வைத்தார்.

வீட்டில் மட்டும் வரவேற்பு இல்லை. "முதல்ல பிளானைக் காட்டுங்க. வர்றதா வேண்டாமான்னு அப்புறம் சொல்றேன்" என்றாள் மனைவி. ஒரு ராஜாங்கமே சவால் விட்டது போல கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டார்.

படகு கட்டுகிறவர்கள் பிளானைத் தாளில் குட்டியாகப் போடுவதில்லை. தரையில் நிஜ அளவுக்கே வரைவார்கள். கேப்டனும் கரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, தற்காலிகமாகக் கம்பங்கள் நட்டு, டிரம்களின் மேல் பலகை வைத்துப் பெஞ்சும் அமைத்தார். இரண்டு முனையும் குவிந்து படகு மாதிரியே வந்தது. ஓரம் முழுக்கப் பெஞ்சு, பெஞ்சுக்கு இடுப்பளவு முதுகுப் பலகை. எங்கேயும் ஒரு வெட்டு இல்லை, இணைப்புத் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்து, தன்னையே தட்டிக்கொடுக்க முதுகுக்குக் கை எட்டாததை நினைத்து வருந்தினார்.

சங்கத்து ஆட்கள் வந்தார்கள். முதுகுப் பலகையில் கையை ஊன்றி, காலைத் தூக்கிப் போட்டு, ஒவ்வொருவராக உள்ளே இறங்கி உட்கார்ந்தார்கள். மருந்துக்கடைக்காரர் தொப்பையோடு கொஞ்சம் திண்டாடினாலும் அவரும் இறங்கிவிட்டார். என்ன சொகுசு, என்ன காற்று என்று பாராட்டு குவிந்தது. கேப்டன் அடக்கமாக இருக்கப் பார்த்தார், பழக்கமில்லாததால் முடியவில்லை.

கடைசியாக மச்சினன் காரிலிருந்து அக்காவை இறக்கிக் கூட்டிவந்தான். அவள் கோலை ஊன்றிக் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினாள். அசந்துபோய்விட்டாள் என்று கேப்டன் பின்னாலேயே போய் மரத்தின் ஜாதகத்தைச் சொன்னார். அவள் இன்னொரு சுற்றும் சுற்றிவிட்டு நின்றாள்.

"ஏங்க, உள்ள எப்படி வர்றது?"

"என்ன கேள்வி இது? இப்படிக் கையை வச்சு, காலைத் தூக்கி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

உள்ளே இருந்த அத்தனை பேரும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆயுசு முழுக்கப் பக்கவாட்டில் ஏறி இறங்கிய கூட்டம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"மாமா, அக்காவுக்குக் கிரேன் சொல்லிடவா?" என்றான் மச்சினன். மருந்துக்கடைக்காரர் சிரிப்பை இருமலாக்கினார்.

கேப்டன் விடவில்லை. ஒரு சாய்வுப் பலகை போட்டு, பிடிக்கக் கயிறும் கட்டிவிட்டால் ராணி மாதிரி ஏறலாம் என்று விளக்கினார்.

"படகுல ஏற முடியலைன்னுதானே கரையில நிக்கிறேன்" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "கரையிலயும் படகையே கட்டி வச்சா நான் எங்கங்க போறது?"

சொல்லிவிட்டுக் காரைப் பார்த்துத் திரும்பினாள். கேப்டன் ஓடிப்போய்க் காருக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார்.

"இரு. அந்தப் பலகை பக்கத்துல வந்து கோலோட நில்லு. கையைக் கொஞ்சம் அகட்டு."

அவளுடைய இரண்டு பக்கமும் சாக்குக்கட்டியால் கோடு கிழித்தார். கூட ஒருத்தர் பிடித்துக்கொண்டு வர இடம் வேண்டுமே என்று ஒரு கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டார். பிறகு ரம்பத்தை எடுத்தார். வெட்டே இல்லாத அந்த அழகான முதுகில் முதல் இழுப்பு விழுந்தபோது அவருக்குப் பல் கூசியது. மச்சினன் ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். பலகை விழுந்தது. பெஞ்சையும் அந்த அளவுக்கு அறுத்து, டிரம்மை உருட்டி வெளியே தள்ளினார்கள்.

அவள் நிதானமாக நடந்து உள்ளே வந்தாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி நகர்ந்து இடம் கொடுக்க, காலை நீட்டி உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷமே இரண்டு வருஷத்து வம்பு இரண்டு பேருக்கும் நடுவில் அவிழ ஆரம்பித்தது.

கேப்டன் புது வாசலில் நின்று, இப்படி ஒரு இடத்தில் திறப்பு வைப்பது தன் மனதில் முதலிலிருந்தே இருந்தது என்று பொதுவாக அறிவித்தார்.

"புளுகாதீங்க" என்றாள் அவள், தலையைத் திருப்பாமலே. "ரம்பத்தை வெளியே வச்சுட்டு வந்து உட்காருங்க. ஞாயித்துக்கிழமைக்கு யார் யார் என்ன கொண்டு வர்றதுன்னு பேசிட்டிருக்கோம்."