வண்டிகளை வழியனுப்பிய சுலோச்சனா பெரியம்மா

புத்தூரில் சுலோச்சனா பெரியம்மா காலமாகிவிட்டார் என்ற செய்தி, திருப்பதியில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போனில் வந்தது. சித்தப்பாதான் பேசினார். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது ஒரே கேள்வி: "முரளி அண்ணனுக்குத் தெரியுமா?"

"சொன்னோம்மா. வாயே தொறக்கல. ஜன்னலாண்ட உக்காந்துக்கினு இருக்கான்."

முரளி அண்ணன் பெரியம்மாவின் ஒரே மகன். சிறுவயதில் அவருக்குப் பேச்சே வரவில்லை. கூட்டம் ஆகாது, சத்தம் ஆகாது. ரயில் சத்தம் மட்டும் பிடிக்கும். அதனால் சாயங்காலம் தவறாமல் அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவார் பெரியம்மா. லீவுக்குப் போகிற நானும் ஒட்டிக்கொள்வேன். லோக்கலோ எக்ஸ்பிரஸோ கூட்ஸோ, கடைசிப் பெட்டி தாண்டும்வரை பெரியம்மா கையசைத்து "போய்ட்டு வா" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும், பசியும் எடுக்கும்.

"ரோஜூ எவரி கோசம் வஸ்தாரம்மா?" என்று போர்ட்டர் ஒருவர் கேட்டார். தினமும் யாருக்காக வருகிறீர்கள் என்று.

"யாருக்கும் இல்ல நைனா. வண்டிங்கள அனுப்பி வெக்கத்தான்" என்றார் பெரியம்மா, ஏதோ சம்பளம் வாங்குகிற உத்தியோகம் போல.

ஒருநாள் அண்ணன் தானாகக் கையைத் தூக்கி, "போய்ட்டு வா" என்றார். பெரியம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"போயும் போயும் நிலக்கரி வண்டிக்கா சொன்னாரு?" என்றேன்.

"எதுக்குச் சொன்னா என்னாடி, சொன்னான் இல்ல" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

பிறகு இன்னும் சில வார்த்தைகள் வந்தன. பெரியப்பா இறந்தபோது அவையும் நின்றுபோய், திரும்பி வர மாதக்கணக்கானது. "நான் போனா மறுபடியும் இப்டியே ஆய்டுவானோ" என்பதுதான் பெரியம்மாவின் கடைசிக் கவலை. போன மாதம்கூட என்னிடம் சொன்னார்.

உடனே புத்தூருக்குக் கிளம்பிப் போனேன். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் "போய்ட்டு வர்றேன்" என்று யாரும் சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவோம். கூட்டம் ஆகாது என்பதால் அண்ணனைச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போகவில்லை. சித்தப்பாவே கொள்ளிச்சட்டி எடுத்தார். பாடை நகர்ந்தது. அண்ணன் வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். கூட்டத்தின் கடைசி ஆள் தெருமுனை திரும்பும்வரை கையசைத்தார்.

"போய்ட்டு வாம்மா" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா, "அப்டிச் சொல்லக் கூடாதுப்பா" என்று ஆரம்பித்தார். மேலே பேச விடாமல் நான் அந்த அக்காவின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் பேசிவிட்டார், பெரியம்மா. கவலையில்லாமல் போய்ட்டு வாங்க.