உபவாச வெள்ளியில் பூட்டிய விடுதி

துடியலூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் பெண்கள் விடுதியைக் கூட்டித் துடைக்கிறேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே உபவாச ஜெபம். யாரும் ஒளிந்திருந்து தின்னக் கூடாதென்று, எல்லாரையும் ஆலயத்துக்கு அனுப்பிவிட்டு வார்டன் அம்மா விடுதியை வெளியே பூட்டிவிடுவார்.

ஒரு வெள்ளியன்று நான் மாடியில் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டார். சரி, வேலையைப் பார்ப்போமென்று கூட்டினேன். ஒரு கட்டிலடியில் கோபிச்செட்டிபாளையத்துப் பெண் ஒன்று பிஸ்கட்டோடு ஒளிந்திருந்தது. தூசியில் வீசிங் வந்து மூச்சுக்குத் திணறியது.

"சத்தம் போடாதீங்கக்கா. தெரிஞ்சா டி.சி. குடுத்துருவாங்க. எங்கப்பா உடனே கட்டிக் குடுத்துருவாரு."

"மூச்சு இருந்தாத்தான கண்ணு கட்டிக் குடுக்க?"

அதற்குள் பெண்ணுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. இரும்பு வாளியால் ஜன்னல் கம்பியில் அடித்தேன். ஆலயத்தில் மைக் வைத்துப் பாடினார்கள். யாருக்கும் கேட்கவில்லை. பாட்டு நின்று எல்லாரும் மௌன ஜெபத்தில் இருந்தபோது ஓங்கி அடித்தேன்.

வார்டன் ஓடிவந்து கதவைத் திறந்தார். "ஜெப நேரத்துல என்ன கூத்து சரசு?"

"பாட்டு நேரத்துலயும் அடிச்சேனுங்க. கேக்கலீங்க."

பெண்ணைக் கல்லூரி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தது. அதன் முகத்தைப் பார்த்த பிறகு டி.சி. பேச்சை யாரும் எடுக்கவில்லை.

விடுதியை இன்னும் பூட்டத்தான் செய்கிறார்கள். நான் பின்கதவுச் சாவியைக் கேட்டு வாங்கி இடுப்பில் முடிந்திருக்கிறேன். உபவாச வெள்ளியன்று வெளியே போவதில்லை. பூட்டுமுன், "உள்ளே யாராச்சும் இருக்காங்களா?" என்று வார்டன் கேட்பார்.

"நான் இருக்கேனுங்க" என்பேன்.

– சரசு, துடியலூர்