வாளியில் இருந்த இருவாழ்வி

மாலை நாலேகால் மணிக்குத்தான் அது நீந்துவதை நிறுத்தியது. பிளாஸ்டிக் வாளியின் சுவரில் முன்கால்களை வைத்து ஏறப் பார்த்தது; வழுக்கி விழுந்தது; மறுபடி ஏறப் பார்த்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று சனிக்கிழமை; மல்காஜ்கிரி வீட்டில் நான் மட்டும். வெளியே பலத்த மழை. செகந்திராபாத்தில் வேலைக்குப் போயிருந்த அம்மாவால் மழை விடாமல் கிளம்ப முடியாது.

காலி மனையில் தேங்கிய தண்ணீரிலிருந்து நான் பிடித்து வந்த தலைப்பிரட்டை அது. கால் முளைத்து, வால் சுருங்கி, ஏறக்குறையத் தவளையாகிவிட்டிருந்தது. பள்ளியில் ஆம்பிபியன் என்றார்கள். அப்பா அதற்குத் தமிழில் இருவாழ்வி என்றார். நீரிலும் வாழும், நிலத்திலும் வாழும்.

அந்தச் சொல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குளியலறைக்கும் கூடத்துக்கும் பொதுவாக இருந்த நாற்காலி ஓர் இருவாழ்வி. வீட்டில் திருநெல்வேலித் தமிழும் தெருவில் ‘நக்கோ’, ‘ஹவ்’ என்று உருதுவுமாகத் திரிந்த நான் ஓர் இருவாழ்வி. வாரமெல்லாம் வாரங்கலில் வேலை பார்த்து சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வரும் அவரும் அப்படித்தானாம். “அழுக்குத் துணி மட்டும் எப்பவும் இந்தக் கரைக்குத்தான் வருது” என்பாள் அம்மா. அவர் சிரிப்பார்.

ஆனால் வந்தால் பையைப் பிரிக்கமாட்டார். சட்டையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவார். பீரோவில் அவருடைய தட்டில் எப்போதோ என் பாவாடைகள் குடியேறியிருந்தன. டிவியில் எதைப் பார்க்கலாம் என்று என்னைக் கேட்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை, அமீர்பேட் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் வீட்டுக்கு வந்தாள். அவள் அறையில் இப்போது இஸ்திரி மேசையைப் போட்டிருக்கிறோம். பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அம்மா, ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா?” என்றாள். எதற்கும் தெலுங்கிலேயே பதில் சொல்கிறவள், அன்று விருந்தாளியைப் போலத் தமிழில் கேட்டாள். அவள் திரும்பிப் போன பிறகும் அந்த வாளிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த மழை நாளில் எனக்குத் தோன்றியதெல்லாம், தண்ணீர் போதவில்லை என்பதுதான். செம்பு செம்பாக ஊற்றினேன். அது இன்னும் தளர்ந்தது. மூழ்கி மூழ்கி மேலே வந்தது. கரண்டு போய்விட்டது. எதிர்வீட்டுக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்துப்போகாதே என்று எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருட்டத் தொடங்கியபோது அப்பா வந்தார், முழங்கால்வரை நனைந்து. தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் வாளியைப் பார்த்தார். பாதித் தண்ணீரைக் கொட்டினார். பைக்குள்ளிருந்து தன் டிபன் டப்பாவை எடுத்து, தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது தட்டுத்தடுமாறி டப்பாவின் மேல் ஏறி, தொண்டை துடிக்க உட்கார்ந்தது.

இரண்டிலும் வாழும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அழுதேன். அப்பா தோளில் பையோடு குளியலறை வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

“வாழும்ட்டி” என்றார். “ஆனா ஏறி உக்கார ஒரு எடம் வேணும்லா.”