ஒலிசேயைக் கொளுத்த வந்தவர்கள்

ஒலிசே என்னை முதன்முதலாகக் கொன்றபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். கழுத்தை அறுத்தார். அடுத்த படத்தில் கிணற்றில் தள்ளினார். அதற்கும் அடுத்ததில் என் நாக்கை வெட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டு, மந்திரம் சொல்லி, அதிலிருந்து பணம் கொட்ட வைத்தார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அங்கிருந்து யாரும் தேடியும் வரவில்லை. செத்துப்போய்விட்டாள் என்று விட்டிருப்பார்கள்.

எங்கள் ஊர் அசாபாவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கூடத்தில் கல்யாணம் நடக்கும், கொல்லையில் கொலை நடக்கும், சமையலறையில் இரண்டுக்கும் சேர்த்துச் சோறு வேகும். எங்கள் படங்களை எடுத்தவர் ஸ்கொலா மேடம். ஞானஸ்நானப் பெயர் ஸ்கொலாஸ்டிகா. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு காட்சி எடுத்துவிடுவார். கதை, வசனம், டைரக்‌ஷன், திட்டு எல்லாம் அவரே. தக்காளி விழுதில் சிவப்புச் சாயம் கலந்து, பளபளப்புக்குப் பனை எண்ணெய் ஊற்றி ரத்தம் காய்ச்சுவதும் அவர்தான். "ஜனங்க நம்புறதுக்குத்தான் நம்மகிட்ட வர்றாங்க. நம்ப வச்சிரணும்," என்பார்.

ஒலிசேயை நம்பவைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஒலிசேக்கு இடது கண் இமை பாதி தொங்கிப்போயிருக்கும். சின்ன வயதில் விறகுச் சிராய் குத்தியது. அந்தக் கண்ணைச் சந்தையில் பார்த்த அன்றே, "இந்தக் கண்ணு சும்மா இருக்கக் கூடாது," என்று மேடம் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். சந்தையில் ஒலிசே செய்த வேலை பழைய குழந்தைத் துணி விற்பது. கப்பலில் கட்டுக்கட்டாக வரும் துணிப் பேல்களைப் பிரித்து, குட்டிச் சட்டை, குட்டிக் காலுறை, குட்டித் தொப்பி என்று பொறுக்கி எடுப்பார். துவைத்துக் கரிப்பெட்டியில் தேய்த்து, பித்தான் இல்லாத சட்டைக்குத் தானே பித்தான் தைப்பார். கிறிஸ்துமஸ் கோழியை அவர் மனைவி இசியோமாதான் அறுப்பார். இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நின்றுகொள்வார்.

என் கழுத்தில் கத்தி வைக்கும்போதெல்லாம் உதட்டை அசைக்காமல், "வலிக்குதாம்மா?" என்று கேட்பார். எத்தனையோ டேக் அதனால் வீணாகியிருக்கிறது. கொலைகாரன் நலம் விசாரிக்கிறான் என்று மேடம் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் ஊர் பார்த்தது அந்த உதட்டை அல்ல, கண்ணை. சி.டி. அட்டைகளில் அந்தக் கண் சிவப்பாக எரிந்தது. பைக் டாக்சிக்காரர்கள் அவரை ஏற்ற மறுத்தார்கள். சர்ச்சில் அவர் உட்கார்ந்த பெஞ்சு காலியானது. பாஸ்டர் தலையில் கை வைத்துப் பேயை விரட்டினார். ஒலிசே மரியாதைக்காகக் கீழே விழுந்தார். கடையில் சட்டையைக் கையில் எடுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த பெண்கள் அவர் முகத்தைப் பார்த்ததும் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். அதனால் இசியோமா முன்னால் உட்கார்ந்து விற்க, இவர் பேல்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பித்தான் தைத்தார். இசியோமா நடிப்பை விடச் சொன்னார், அழுது பார்த்தார், சமைக்காமல் இருந்து பார்த்தார். ஒலிசே விடவில்லை. ஊரே தன்னைப் பார்த்துப் பயப்படுகிறதென்றால் தான் நன்றாக நடிக்கிறோம் என்றுதானே அர்த்தம் என்று அவருக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் அவர் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

சனிக்கிழமை, உச்சி வெயில். கிழங்கு விற்கும் பெண்ணின் மூன்று வயதுப் பையன் கம்சியைக் காணவில்லை. அவள் சந்தை நடுவில் நின்று வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒலிசே துவைத்த துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

மூட்டையில் என்ன என்று யாரோ கேட்டார்கள். பதில் வருவதற்குள் இன்னொருவன் இழுத்துப் பிரித்தான். குட்டிச் சட்டைகள் மண்ணில் சிதறின. ஒரு கவுனில் துவைத்தும் போகாத பனை எண்ணெய்க் கறை சிவப்பாக இருந்தது.

"எல்லாம் பிள்ளைங்க துணி," என்றான் பிரித்தவன். "பிள்ளைங்க எங்கடா?"

முதல் அடி உலக்கையால் விழுந்தது. விற்பனைக்கு வைத்திருந்த புது உலக்கை. அடுத்தது பலகை. ஒலிசே முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். இரும்புக் கம்பி அந்தக் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் என் காது வரை வந்தது. நான் அப்போது இசியோமாவின் கடையில் வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தேன். இசியோமா எழுந்து ஓடினார். கூட்டத்தின் ஓரத்திலேயே இரண்டு பெண்கள் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்து, முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள். சூனியக்காரன் பொண்டாட்டியும் சூனியக்காரிதானாம்.

"நான் நடிகன்யா," என்றார் ஒலிசே. வாயில் ரத்தம் குமிழியிட்டது. "அது படம்."

"படத்துல பாத்துட்டுத்தான்டா வந்திருக்கோம்."

அடுத்து அவர் செய்ததை எங்கள் ஊர் நடிகனைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். எங்கள் படங்களில் கடைசிக் காட்சி மாறவே மாறாது. பாவம் செய்தவன் ஊர் முன்னால் முழங்காலில் விழுந்து, செய்ததையெல்லாம் உரக்க ஒப்புக்கொள்வான். அது இல்லாத படத்தை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். அந்த வசனத்தைப் பேசிக் காட்டினால் இவர்களுக்குப் படம் ஞாபகம் வரும், சிரிப்பார்கள், விட்டுவிடுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். முழங்காலில் நிமிர்ந்தார். முறிந்த கை தொங்கியது. நல்ல கையை வானத்துக்குத் தூக்கி, படத்தில் வரும் அதே கரகரத்த குரலில், "ஆமா. நான்தான் எடுத்தேன். பிள்ளைங்க ரத்தத்துல குளிச்சேன். பூமி குடிச்சது, நானும் குடிச்சேன்," என்றார்.

சந்தை அடங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவரவர் வீட்டில் கேட்ட குரல். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒருவன் சிமெண்ட் கல்லைத் தூக்கி அவர் தாடையில் போட்டான். ஒருவன் டயர் உருட்டிக்கொண்டு வந்தான். காதைக் கத்தியால் அறுத்தான் இன்னொருவன். அறுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இவ்வளவும் நடக்கையில் சந்தையின் மறுபாதி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஷூட்டிங் என்று நினைத்தார்கள். ஒருவன் கேமரா எந்தப் பக்கம் என்று தேடித் தலை சீவிக்கொண்டான். வாழைக்காய் சுடும் கிழவி, போன படத்து ரத்தம் இதைவிட நன்றாக இருந்தது, இதில் தண்ணீர் அதிகம் என்றாள்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து, "இங்க பாருங்க, என்னைத்தான் அவர் கொன்னாரு, நான் உயிரோட இருக்கேன்," என்று கத்தினேன். அருமையான சாட்சி என்று நினைத்தேன். முன்வரிசையில் இருந்த ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, செத்த பெண் எழுந்து வந்துவிட்டாள் என்று அலறினாள். அவள் புருஷன் பலகையைத் திருப்பி என் வாயில் அடித்தான். இரண்டு பல் போனது. என் கழுத்தை அறுத்தவர் ஒரு நாளும் அவ்வளவு வலிக்க வைத்ததில்லை.

டைட்டஸ் பெட்ரோல் கேனோடு வந்தார். ஜெனரேட்டர் வைத்து ஊர் போன்களுக்கெல்லாம் சார்ஜ் போடும் கடை அவருடையது. பிள்ளைகுட்டிக்காரர். சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுப்பவர். டயரை ஒலிசேயின் கழுத்தில் மாட்டினார்கள். டைட்டஸ் ஊற்ற ஆரம்பித்தார். நான் ஓடினேன்.

ஸ்கொலா மேடம் சந்தைக்குப் பின்னால் இருந்த லாட்ஜில் இருந்தார். கல்யாணக் காட்சி பாதியில் நின்றிருந்தது. கேமரா பாட்டரிகள் டைட்டஸ் கடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையும் பொண்ணும் மூலைக்கொருவராகச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். நான் வாயில் ரத்தத்தோடு நின்று சொன்னதை மேடம் ஒரு தடவைதான் கேட்டார். போலீசுக்குப் போன் செய்யவில்லை. போலீஸ் வந்து சாம்பலைத்தான் அள்ளும். பாட்டரி இல்லாத கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

டைட்டஸ் தீக்குச்சியை உரசிவிட்டார்.

"கட்," என்றார் மேடம்.

கத்தவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னார். அசாபாவில் அந்தச் சொல் தெரியாத குழந்தை கிடையாது. கூட்டத்தில் நிற்கும் காட்சிக்கு ஒரு தரமாவது போகாத குடும்பமும் கிடையாது. தூக்கிய பலகைகள் தூக்கியபடி நின்றன. டைட்டஸ் குச்சியை ஊதி அணைத்துவிட்டு, பழக்கத்தில் மேடம் முகத்தைப் பார்த்தார்.

"டைட்டஸ், யாரு உங்கள இப்பவே பத்தவைக்கச் சொன்னது? வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கு, நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க? உங்க முகமே விழல."

"நான் எங்க நிக்கணும் மேடம்?" என்றார் டைட்டஸ்.

மேடம் ஒவ்வொருவருக்கும் இடம் சொன்னார். கேனை அதோ அந்தத் தூணருகே வைக்கச் சொன்னார். டயரைக் கழற்றிப் பின்னால் உருட்டச் சொன்னார், அது படத்தில் அசிங்கமாகத் தெரிகிறதாம். கல்லைப் போட்டவனை இன்னும் தள்ளி நிற்கச் சொன்னார். பிள்ளை கிடைக்கவில்லையே என்று ஒருவன் கேட்டதற்கு, அது அடுத்த காட்சி, உன் வசனம் இன்னும் வரவில்லை, வாயை மூடு என்றார்.

பிறகு சொன்னார்: "இப்ப ஊருக்கு உண்மை தெரிஞ்சுபோச்சு. இவரு ஒண்ணும் செய்யல. எல்லாரும் பதறி ஓடிவந்து தூக்குறீங்க. கிழங்கு வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீங்க. அழணும். டைட்டஸ், நீங்கதான் அதிகமா அழணும். ஆக்‌ஷன்."

அவர்கள் அழுதார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கிளிசரின் இல்லாமல் அழுதார்கள். கம்பியால் அடித்தவன் தலைப்பக்கம் பிடித்தான். காதை வைத்திருந்தவன் அதைத் தன் கைக்குட்டையில் மடித்துக் கொடுத்தான். முதுகில் உட்கார்ந்திருந்த பெண்கள் இசியோமாவைத் தூக்கி நிறுத்தி மண்ணைத் தட்டிவிட்டு, வண்டியோடு நடத்திக்கொண்டு வந்தார்கள். மேடம் பின்பக்கமாக நடந்தபடியே படம் எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக் கதவு மூடும் வரைக்கும் அவர் 'கட்' சொல்லவில்லை. பிறகு வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்.

கம்சி பாய் விற்கும் கடையின் மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியதற்கு அழுதானாம்.

ஒலிசே பிழைத்தார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வலது கை இனி ஊசி பிடிக்காது. பெட்ரோல் ஊறிய இடத்தில் தோலெல்லாம் கொப்பளித்துப் பிய்ந்து வந்தது. காதைத் தைக்க முடியவில்லை.

வெளியே ஊர் படத்துக்காகக் காத்திருந்தது. விசாரித்த போலீஸ்காரரிடம் ஷூட்டிங்கில் அடிபட்டுவிட்டது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதை அவர்களே நம்பவும் ஆரம்பித்தார்கள். நான் பல் போன வாயோடு சந்தைக்குப் போய், படம் ஈஸ்டருக்கு வருகிறது, யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்று சொன்னால்தான் மேடம் திரையில் பெயர் போடுவார் என்று சொல்லிவிட்டேன். வரிசையில் வந்தார்கள். உலக்கை நான்தான் என்றான் ஒருவன். இல்லை, முதல் அடி என்னுடையது என்று இன்னொருவன் சண்டைக்கு நின்றான். கல் போட்டவன், தான் பளு தூக்கிப் பழகியவன் என்பதையும் சேர்த்துப் போடச் சொன்னான். என் பல்லை உடைத்தவன் தன் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் கேட்டான். சிரிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். சிரிப்பு வரவில்லை.

டைட்டஸ் என்னிடம் வரவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, கையில் நோயாளிக்குக் குடிக்க ஒரு மால்ட் பாட்டில். நான் கட்டில் பக்கத்து முக்காலியில் இருந்தேன். இசியோமா ஒலிசேயின் நெஞ்சில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். டைட்டஸ் நலம் விசாரித்தார். பிறகு, தான் அழுத இடத்தில் முகம் சரியாக விழுந்திருக்கிறதா என்று மேடத்திடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

இசியோமா கையைத் துடைத்துக்கொண்டார்.

"டைட்டஸ் அண்ணே, கேமராவுல பாட்டரி இல்ல."

அவர் புரியாமல் சிரித்தார்.

"பாட்டரி உங்க கடையில சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் மேடம் வந்து வாங்கிட்டுப் போகல? நீங்கதான எடுத்துக் குடுத்தீங்க. படம்னு ஒண்ணு கிடையாது அண்ணே. நீங்க நெசமாவே ஊத்துனீங்க."

இசியோமா டைட்டஸின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்தக் கையை ஒலிசேயின் நெஞ்சில், தோல் இல்லாத இடத்தில், அப்படியே வைத்து அழுத்தினார். ஒலிசே கம்பி கட்டிய வாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை.

"தொட்டுப் பாருங்க," என்றார் இசியோமா. "இதுல தக்காளி இல்ல."

கையை விட்டபிறகும் டைட்டஸ் அதை எடுத்துக்கொள்ளத் தெரியாமல் காற்றில் நீட்டியபடியே நின்றார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஒலிசே வீங்காத கண்ணால் அவரைப் பார்த்தார். அடிபட்டவர்தான் கும்பிடுவதுபோல் நல்ல கையை லேசாகத் தூக்கினார், இனி அடிக்காதே என்பதுபோல். டைட்டஸ் அதைப் பார்த்தார். பாட்டிலைக் கீழே வைக்கப் பார்த்தார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் எழுந்து முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதில் உட்காரவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இசியோமா மருந்தைத் திரும்ப எடுத்து, விட்ட இடத்திலிருந்து தடவ ஆரம்பித்தார்.