மைக் செல்வராஜ் சொல்லாமல் விட்ட வரி

கடலோரத்து அணு ஆராய்ச்சி நகரியத்தில் செல்வராஜ் வீடு எது என்று கேட்டால், எந்தச் செல்வராஜ் என்று திருப்பிக் கேட்பார்கள். மைக் செல்வராஜ் என்றால் சின்னப் பிள்ளைகூட வாசல்வரை கொண்டுவந்து விடும். பகலில் அவன் பட்டறைப் பிரிவில் டெக்னீஷியன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவன் வேறு ஆள்.

நகரியத்து மனமகிழ் மன்றத்தில் ஒரு திரைப்படக் கழகம் இருந்தது. சென்னையிலிருந்து பஸ்ஸில் ஃபிலிம் பெட்டி வரும். பாஷை புரியாத படம், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். விஞ்ஞானிகள் படித்துக்கொள்வார்கள். அவர்களுடைய அம்மாக்களும், மாமியார்களும், கேன்டீன்காரர் குடும்பமும் என்ன செய்வார்கள்? அதற்காகத்தான் திரைக்கு ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, செல்வராஜ் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஓடுகிற எழுத்தை உடனுக்குடன் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அவ்வளவோடு நிற்கிற ஆளா அவன்? ஜப்பான்காரக் கிழவர் சைதாப்பேட்டைத் தமிழ் பேசினார். ரஷ்ய ராணி மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிற மாதிரி அழுதாள். மன்றமே வயிறு வலிக்கச் சிரித்தது. நாளடைவில் ஜனங்கள் படம் பார்க்க வருவதை விட்டுவிட்டு அவனைக் கேட்க வந்தார்கள். படத்தை முன்கூட்டிப் போட்டுப் பார்க்கலாமே என்று செயலாளர் பரணிதரன் சொல்லிப் பார்த்தார். "பாத்துட்டு சொன்னா பழைய சோறு சார். சுடச்சுட சொன்னாத்தான் ருசி" என்பான். திமிர்தான், வேறென்ன. கைதட்டல் கேட்டுப் பழகிய எவனுக்கும் அது கொஞ்சம் வரும்.

அந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் அவன் தங்கை விஜி என்கிற விஜயகுமாரி அவன் வீட்டில்தான் இருந்தாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் புது மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியேறியவள். புருஷன் வெங்கடேசன் ஃபேக்டரிக்குப் போயிருந்த ஒரு பகல் வேளையில் வீட்டுக்குள் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். தாலிச் சங்கிலி போயிற்று, வளையல்கள் போயின. அவளைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நகை போனதை மட்டும் போலீஸிடம் சொன்னாள். மற்றபடி உள்ளே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று அண்ணனிடம் வந்தவள், வருஷம் ஒன்றாகியும் வாசல்படி தாண்டவில்லை. காலிங் பெல் அடித்தால் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

செல்வராஜுக்குத் தங்கை என்றால் உயிர். மருந்து, மாத்திரை, மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தாயிற்று. அந்தச் சனிக்கிழமை அவளே, "நானும் வரேண்ணா. நீ மைக்குல பேசறத நான் கேட்டதே இல்ல" என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கேட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி வெங்கடேசனைக் கூப்பிட்டான். "தேறிட்டா மாப்ள. நாளைக்கி வந்து கூட்டிகினு போ" என்று சொன்னான். அன்று சாயங்காலம் அவளைத் தன் மனைவி சங்கரி பக்கத்தில், முன் வரிசையில், தானே கொண்டுபோய் உட்கார வைத்தான். என்ன படம் என்று கேட்டதற்கு, "ஏதோ திரில்லராம்" என்றான்.

படம் தொடங்கியது. அழகான வீடு. புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஏதோ நகைச்சுவை நிகழ்ச்சி, நொடிக்கொரு தரம் பதிவு செய்த சிரிப்புச் சத்தம். மணி அடிக்கிறது. வாசலில் மரியாதையான இரண்டு இளைஞர்கள், குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்கள்.

"இன்னாக்கா, ஒரு சொம்பு தண்ணி கெடைக்குமா? வெயிலு மண்டையப் பொளக்குது" என்றான் செல்வராஜ். மன்றம் சிரித்தது. அந்தப் பெண் கதவைத் திறந்தாள். எழுத்து எதுவும் ஓடவில்லை. செல்வராஜ் சும்மா இருந்திருக்கலாம். "தொறந்துட்டா மகராசி" என்றான். "இனிமே தண்ணி இவ கண்ணுலதான்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஒருத்தி மட்டும் சேரவில்லை. திரை வெளிச்சத்தில் தங்கையின் முகம் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. நாற்காலிக் கையைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி மனுஷன் என்ன நினைத்தான் தெரியுமா? நாம் இன்னும் நன்றாகச் செய்யவில்லை போலிருக்கிறது, இவளைச் சிரிக்க வைத்தே தீர வேண்டும் என்று நினைத்தான்.

அதற்கப்புறம் அவன் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான். வந்தவர்கள் புருஷனை நாற்காலியில் கட்டினார்கள். "ஒக்காரு அண்ணாத்த, ஏன் பேஜாரு பண்ற" என்றான். பெண்டாட்டியைச் சமைக்கச் சொன்னார்கள். "நாஸ்தா நல்லா இருந்தா சீக்கிரம் கெளம்பிடுவோம், இல்லாங்காட்டி டின்னரும் இங்கதான்" என்றான். ஒரு வரிக்கு ஒன்பது வரி சொன்னான். விஜி சிரிக்கவில்லை.

படம் வேறு மாதிரிப் போக ஆரம்பித்தது. அடி விழுகிற நேரமெல்லாம் கேமரா டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டது. சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசைப் பையன்களில் ஒருவன், "கேமராவ அங்க திருப்புய்யா, ஒண்ணும் தெரியல" என்று கத்தினான். அதற்கும் ஒரு சிரிப்பு. டி.வி.யிலும் சிரித்தார்கள். வந்தவர்களில் ஒருவன் அந்த டி.வி.க்கு முன்னால் போய், பாராட்டுக்கு நன்றி சொல்கிற மாதிரி குனிந்து கும்பிட்டான். எந்தச் சிரிப்பு படத்திலிருந்து வருகிறது, எது மன்றத்திலிருந்து வருகிறது என்று செல்வராஜுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் அவனுக்குச் சுரீர் என்றது.

கடைசி ரீலில் புருஷனும் இல்லை, குழந்தையும் இல்லை. வந்தவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். யாரும் அவர்களைப் பிடிக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் கேட்க, அந்தப் பெண் ஒரே ஒரு வரி பேசினாள். எழுத்து ஓடியது. செல்வராஜ் அதைச் சொல்லவில்லை. மைக்கில் அவன் மூச்சுதான் கேட்டது. திரையில் காலி வீடும் டி.வி.யும் மட்டும் இருந்தன. டி.வி. சிரித்துக்கொண்டே இருந்தது. மன்றத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

படம் முடிந்து டீயும் போண்டாவும் வைத்துப் பேசுவது கழகத்து வழக்கம். "அந்த ரெண்டு பசங்களயும் சுட்டுத் தள்ளியிருக்கணும் சார், அப்பத்தான் மனசு ஆறும்" என்றார் கேன்டீன்காரர். "குடும்பத்தோட பாக்கிற படமா இது? அவ்வளவு ரத்தம்" என்று ஓர் அம்மாள் சண்டைக்கு வந்தாள். பரணிதரன், "திரையில ஒரு சொட்டு ரத்தம்கூடக் காட்டலம்மா" என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. நான் பார்த்தேன், நானும் பார்த்தேன் என்று சாதித்தார்கள். ஒருவர் செல்வராஜ் தோளில் தட்டி, "உன் காமெடி இல்லன்னா பாதியிலயே எழுந்து போயிருப்போம்பா" என்றார். மற்ற நாளாக இருந்தால் அந்த வார்த்தையில் ஒரு மாசம் மிதந்திருப்பான். அன்றைக்குக் கடித்த போண்டாவைத் தட்டிலேயே திருப்பி வைத்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது விஜி இரண்டடி முன்னாலேயே போனாள்.

மறுநாள் காலையில் விஜி அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசல்நிலையில் வந்து நின்றான்.

"அவர வர வேணாம்னு சொல்லிடுண்ணா. நான் போகல."

"விஜி, சத்தியமா எனக்கு அது இன்னா படம்னு தெரியாது."

"தெரியும். நீ வேணும்னு செய்யல." உரித்ததைத் தட்டில் போட்டாள். "ஆனா நீ அச்சு அசலா அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தவனுங்க மாதிரியே பேசினண்ணா. அவனுங்களும் தமாஷாத்தான் பேசினானுங்க. தண்ணி குடிச்சிட்டு, டீ போடச் சொன்னானுங்க. சர்க்கர கம்மியா கீதுன்னு ஒருத்தன் சொல்ல, இன்னொருத்தன் சிரிச்சான். கை நடுங்கி டம்ளர கீழ போட்டேன். அதுக்கும் சிரிச்சானுங்க. நகை போனது எனக்குப் பெரிசாத் தெரியலண்ணா. அந்தச் சிரிப்புதான் இன்னும் காதுல கேட்டுகினே கீது."

ஒரு வருஷமாக யாருக்கும் சொல்லாததை அவள் வெங்காயம் உரித்தபடி சொல்லி முடித்தாள். செல்வராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கடைசில அந்தப் பொம்பள ஏதோ சொன்னாளே. அது மட்டும் நீ சொல்லல. இன்னா அது?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"தண்ணி கேட்டாங்க, நான்தான் கதவத் தொறந்தேன்னு சொன்னா."

விஜி தட்டை ஓரமாக நகர்த்தினாள். "அன்னிக்கு நீ வண்டிய நிறுத்திட்டு ஓடியாந்து மொதல்ல இன்னா கேட்ட, ஞாபகம் கீதா? யாரு இன்னான்னு பாக்காம ஏன் கதவத் தொறந்தன்னு கேட்ட."

அவனுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் கேட்டிருப்பான். கேட்கக்கூடியவன்தான் அவன். பதற்றத்தில் கேட்டது அவன் வாயை விட்டுப் போய்விட்டது, அவள் மட்டும் அதை வருஷம் முழுக்கச் சுமந்திருக்கிறாள். அவமானத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வெயிலுல தண்ணி கேட்டா யாரா இருந்தாலும் தொறப்போம்மா. தப்பு உன் மேல இல்ல" என்றான்.

"இத நேத்து மைக்குல சொல்லியிருக்கலாமே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். வெங்கடேசன் புறப்படத் தயாராக இருந்தான். அவளுக்கென்று பூவெல்லாம் வாங்கி வைத்திருந்தானாம். "நேத்து தேறிட்டான்னியே மச்சான், அதுக்குள்ள இன்னா ஆச்சு?" என்று கேட்டான்.

"என்னாலதான் மாப்ள" என்றான் செல்வராஜ். பின்னால் காத்திருந்த ஆள் கண்ணாடியைத் தட்டும்வரை, ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தான்.