கம்ப்யூட்டரில் கர்ப்பமான காத்தவராயன்

நோயாளிகளின் அந்தச் சிகிச்சை அட்டைகளைக் கையில் எடுத்தாலே மீன் கவிச்சி அடிக்கும். மூலையெல்லாம் நைந்து, உப்புத் தண்ணீர்க் கைகள் பட்டுப் பட்டு ஊறிக் காய்ந்த அட்டைகள்... கடலூரில் நான் முதன்முதலில் நர்ஸாகச் சேர்ந்த சின்ன பிரைவேட் ஆஸ்பத்திரியில் அலமாரி முழுக்க அவைதான்.

கடலோரத்து மீனவக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம். வீட்டுக்கு ஒரே அட்டை, அதுவும் பெரியவர் பெயரில். மாமியாரின் சுகர், மருமகளின் பிரசவம், பேரனின் சளி எல்லாம் அதில்தான் ஏறும். டாக்டர் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிச் சமாளித்துவிடுவார். தனித்தனியாகப் போடச் சொன்னால், "ஒரே அடுப்புதானக்கா எரியுது, எதுக்கு ஆளுக்கு ஒண்ணு?" என்று சிரிப்பார்கள்.

பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் எங்கள் மேனேஜருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அடுத்த திங்கள்ல இருந்து பேப்பரே கண்ணுல படக்கூடாது."

கொஞ்ச நாள் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாமே என்றார் டாக்டர். "டபுள் வேலை சார்" என்பதோடு பேச்சு முடிந்தது.

பழைய அட்டைகளைப் பார்த்து டைப் அடிக்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அட்டைமேல் யார் பெயரோ, உள்ளே இருப்பதெல்லாம் அவர் தலையில். அப்படித்தான் காத்தவராயன் என்ற பெரியவர் கம்ப்யூட்டரில் ஏழு மாதக் கர்ப்பிணி ஆனார்.

"வளைகாப்பு எப்ப மாமா?" என்று கேட்டோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த வாரமே அவருடைய மூத்த மருமகள் மல்லிகா இடுப்பு வலி என்று வந்தாள்; கர்ப்பமாக இருந்தது இளையவள். பழைய அட்டைகள் மொட்டை மாடி ரூமில் மூட்டையாகக் கிடந்தன. அதனால் அவள் பெயரைப் புதிதாகப் பதிந்தார்கள். அலர்ஜி கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. ரிசப்ஷனில் கூட்டம் வேறு ஜாஸ்தி... எல்லோருக்கும் போல அவளுக்கும் 'இல்லை' என்று தட்டிவிட்டார்கள். அன்று டியூட்டியில் இருந்த புது டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்து வலி ஊசி எழுதினார்.

வலி ஊசி அவளுக்கு ஆகாது. பழைய அட்டையில் அவள் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. கம்ப்யூட்டரிலோ அது மாமனாருக்கு ஆகாததாக ஏறியிருந்தது.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுத்தது... ஆக்சிஜன், மாற்று ஊசி என்று ஓடினோம். வெளியே பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் கேட்டேன். "ஏம்மா, இந்த ஊசி ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம்னு நீங்கதானக்கா சொன்னீங்க... அதுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

இப்போது எனக்குச் சிதம்பரத்தில் வேலை. இங்கே சிஸ்டத்தைப் பொறுமையாகக் கொண்டுவந்தார்கள், நன்றாகவே ஓடுகிறது. கையெழுத்து புரியாமல் முழிக்கும் தொல்லை இல்லை. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அப்போதெல்லாம் ஜனங்கள் உட்கார்ந்த உடனே உடம்பைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். நிறுத்துவதே பெரும்பாடு. இப்போது எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டால், போனிலிருந்து நிமிராமலே பதில் வருகிறது.

"அதுலயே இருக்கும் பாருங்க மேடம்."

நான் ஸ்கிரீனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மறுபடியும் கேட்கிறேன்.